கேள்விக்குறி, ஒரு கோடு, ஓர் எஸ்

2012 மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிய நாள். கோவையில் அந்த வருஷம் மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பத்துப் பேர் வேலை பார்த்த எங்கள் சின்ன அலுவலகத்தில் இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். பம்ப்செட் கம்பெனிகள், நூல் வியாபாரிகள், இரண்டு மூன்று கல்லூரிகள் என்று நாற்பது சொச்சம் இணையதளங்கள் எங்கள் பொறுப்பில் இருந்தன. எல்லாமே பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியவை. சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, கூட வேலை செய்த நண்பர் என் மேசைக்கு வந்தார். "நம்ம சைட் ஒண்ணைத் திற. முகவரிக்குப் பின்னாடி கேள்விக்குறி, ஒரு சின்னக் கோடு, அப்புறம் எஸ். என்டர் தட்டு" என்றார்.

தட்டினேன். பம்ப்செட் கம்பெனியின் முகப்புப் பக்கம் வர வேண்டிய இடத்தில் அதன் நிரல் வந்து நின்றது. வெறும் நிரல் இல்லை, நிறம் பிரித்து அழகாக வந்தது. மாறிகள் நீலம், கட்டளைச் சொற்கள் பச்சை, மேற்கோளுக்குள் இருப்பதெல்லாம் சிவப்பு. மேலிருந்து ஆறாவது வரியில், சிவப்பு எழுத்தில், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு. உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் படித்திருக்கலாம். கை நடுங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நடந்தது இதுதான். சர்வர் பிஎச்பியை ஓட்டும் வழிகளில் ஒன்று சிஜிஐ. அந்த முறையில், பக்கம் கேட்டு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சர்வர் பிஎச்பியைத் தனி நிரலாகக் கூப்பிடும். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதில் சமக்குறி இல்லையென்றால், அதை அந்த நிரலுக்குக் கட்டளையாகவே கொடுக்கலாம் என்று சிஜிஐயின் பழைய விதி ஒன்று இருக்கிறது. அதைத் தடுத்துக்கொண்டிருந்த ஒரு சோதனையை, இனித் தேவைப்படாது என்று நினைத்து 2004இல் எடுத்துவிட்டார்கள். எட்டு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2012 ஜனவரியில், இந்தியாவில் நடக்கும் நல்கான் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டையொட்டிய போட்டியில் விளையாடிக்கொண்டிருந்த ஐன்ட்பாசன் என்ற குழு தற்செயலாக இதில் இடறியது. முறைப்படி பிஎச்பி குழுவுக்குத் தெரிவித்தார்கள். திருத்தம் தயாராகும் முன்பே, மே 3 அன்று, அந்தப் பிழை அறிக்கை தவறுதலாக எல்லோருக்கும் தெரியும்படி ஆகிவிட்டது. எஸ் என்றால் நிரல் தெரியும், அவ்வளவுதான். டி என்று கொடுத்தால் பிஎச்பியின் அமைப்புகளையே மாற்றி, அனுப்புகிறவர் தன் நிரலை நம் சர்வரில் ஓட்டிவிடலாம்.

பக்கங்களை அனுப்பும் அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளுக்குள்ளேயே பிஎச்பியை மாட்டியிருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் சிஜிஐக்குப் போனதே பாதுகாப்புக்காகத்தான். ஒரு வாடிக்கையாளரின் தளம் இன்னொருவரின் கோப்பைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் பயனர் கணக்கில் ஓடவிட்டிருந்தோம்.

திருத்தம் சேர்த்த பிஎச்பி பதிப்பு 5.3.12 அதற்குள் வெளிவந்துவிட்டது. நாங்கள் 5.3.10இல் இருந்தோம், பெரிய தாண்டல் இல்லை. சனிக்கிழமை இரவு செய்துவிடலாம் என்று வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டேன். நூல் வியாபாரி ஒருவர், "ஏனுங்க, சைட் நல்லாத்தானுங்க ஓடிட்டிருக்கு, எதுக்குங்க நிறுத்தோணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "பூட்டு ரிப்பேருங்க, கதவு நல்லாத்தான் இருக்குது" என்றேன். சரிங்க என்றுவிட்டார்.

இரவு பதினொரு மணிக்கு மின்சாரம் வந்தது. மூலநிரலை இறக்கி, கம்பைல் செய்து, நிறுவி முடிக்க ஒன்றரை மணி நேரம். கடைசியில் எந்தப் பதிப்பு என்று கேட்டேன். 5.3.12 என்று திரையில் வந்தது. நிம்மதியாக வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் போன் செய்தார். "இன்னும் தெரியுதே." அதே நிறங்கள். அதே ஆறாவது வரி.

அலுவலகத்துக்கு ஓடி வந்து தேடியதில்தான் தெரிந்தது, அந்த சர்வரில் இரண்டு பிஎச்பி இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் வேறொரு ஃபோல்டரில் தனியாக ஒன்றை நிறுவியிருந்தார். நான் பதிப்பு கேட்டபோது பதில் சொன்னது ஒன்று, வாசலில் நின்று கோரிக்கைகளை வாங்கிக்கொண்டிருந்தது இன்னொன்று. சர்வருக்கும் அந்த பிஎச்பிக்கும் நடுவில் ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை எழுதி வைத்த கோப்பு. மூன்றே வரி. அதன் கடைசியில் டாலர் குறியும் நட்சத்திரக் குறியும் இருந்தன. வந்த கட்டளை எதுவானாலும் அப்படியே பிஎச்பியிடம் கொடு என்பது அதன் பொருள். அந்த இரண்டு எழுத்தை அழித்தேன், புது பிஎச்பியைக் கூப்பிடும்படி அதில் இருந்த ஃபோல்டரின் பெயரையும் திருத்தினேன். மறுபடி எஸ் அடித்துப் பார்த்தேன். முகப்புப் பக்கம் வந்தது. நீல நிறத்தில் மோட்டார் படம். அந்தப் படத்தை அவ்வளவு நேரம் நான் உற்றுப் பார்த்தது கிடையாது.

அப்புறம், சர்வருக்கு வந்த கோரிக்கைகள் பதிவாகும் லாக் கோப்புகள். கேள்விக்குறியும் கோடும் சேர்ந்து வரும் வரிகளைத் தேடினேன். எங்கள் சோதனைகளைக் கழித்துப் பதினொரு வரிகள் மிஞ்சின, எல்லாம் சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு வந்தவை. டி ஒன்றும் இல்லை, எல்லாமே எஸ். அதனால் நாற்பது தளங்களின் பாஸ்வேர்டையும் மாற்றினோம். பிஎச்பியை மாற்றியதைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஆனது. நிரலுக்குள் எங்கெங்கோ எழுதி வைத்திருந்ததை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அதோடு முடியவில்லை. 5.3.12இன் திருத்தம் முழுமையானதில்லை, கேள்வியைச் சற்று மாற்றி எழுதினால் அதையும் தாண்டிவிடலாம் என்று பிஎச்பி குழுவே அறிவித்தது. மே 8 அன்று 5.3.13 வந்தது. மறுபடி போன், மறுபடி இரவு. நூல் வியாபாரி, "போன வாரந்தானுங்க பண்ணுனீங்க?" என்றார். ஆமாங்க என்பதைத் தவிர வேறென்ன சொல்ல?

அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் பிஎச்பி குழுவைத் திட்டாதவர்கள் கிடையாது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாற்பது வாடிக்கையாளர்களிடம் நாங்கள் பணம் வாங்குகிறோம், அதில் ஒரு ரூபாய்கூட அவர்களுக்குப் போனதில்லை. பிழை அறிக்கை ஊரறிய வெளியான அன்றே ஏதோ ஒரு திருத்தத்தைக் கொடுத்தார்கள். அது போதவில்லை என்று தெரிந்ததும் மறைக்காமல் சொன்னார்கள். காசு வாங்கிக்கொண்டு விற்கிற மென்பொருளில் பல மாதம் பதிலே வராமல் காத்திருந்தவன் நான்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, 2024 ஜூனில், அதே கதவு மறுபடி திறந்தது. தைவானில் டெவ்கோர் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆரஞ்சு சாய் கண்டுபிடித்தது. 2012இல் போட்ட பூட்டு சாதாரணக் கோட்டை மட்டும்தான் பார்க்கும். விண்டோஸோ, சில மொழி அமைப்புகளில், மென்கோடு என்ற வேறொரு எழுத்தைச் சாதாரணக் கோடாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. சீன, ஜப்பானிய அமைப்புகளில் நிச்சயம் என்றார்கள், மற்றவற்றில் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. 8.1.29, 8.2.20, 8.3.8 ஆகிய பதிப்புகளில் திருத்தம் வந்தது.

இப்போது நான் இருக்கும் இடத்தில், சரக்கு இருப்புக் கணக்கு விண்டோஸ் கணினி ஒன்றில், அப்பாச்சியையும் பிஎச்பியையும் ஒன்றாக நிறுவித் தரும் சாம்ப் என்ற தொகுப்பு வழியாக ஓடிக்கொண்டிருந்தது. பிஎச்பி 7.4. அதற்கு ஆதரவு 2022 நவம்பரிலேயே முடிந்துவிட்டதால் திருத்தம் கிடையாது. முதல் வேலையாக, பிஎச்பி ஃபோல்டரை வெளியே காட்டும் வரியை அமைப்புக் கோப்பில் முடக்கினோம். பிறகு 8.2க்கு மாறினோம். 2012இல் ஓர் இரவில் முடிந்த வேலை இங்கே மூன்று வாரம் இழுத்தது. ஈச் என்ற கட்டளையே 8இல் இல்லை. காலி மதிப்பை எண்ணச் சொன்னால் 7.4 எச்சரிக்கை கொடுத்துவிட்டு மேலே போகும், 8 அங்கேயே நின்றுவிடும். இடையில் வந்த ஒவ்வொரு பதிப்பையும் தள்ளிப்போட்டதன் கூலியை அந்த மூன்று வாரத்தில் மொத்தமாகக் கொடுத்தோம்.

மாற்றி முடித்த மாலை, புதிதாகச் சேர்ந்த பெண், "வெர்ஷன் சரியா வந்துருச்சுண்ணா" என்றாள். "அந்த பிஎச்பி ஃபோல்டர் முகவரியை அடிச்சுப் பாரும்மா" என்றேன். அடித்தாள். 404, அப்படி ஒரு பக்கமே இல்லை என்ற பதில். "இந்த மெஷின்ல வேற பிஎச்பி இருக்கான்னும் ஒரு தடவை தேடிடு."

சி டிரைவ் முழுக்கத் தேட இருபது நிமிஷம் ஆனது. ஒன்று இருந்தது. 2017இல் யாரோ நிறுவிய 5.6. வேறொரு போர்ட்டில், பல வருஷமாக யாருமே திறக்காத ஒரு வருகைப் பதிவேடு அதில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.