அண்ணன் நிழல் விழுந்தபோது

கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு வேலை. பம்புகளில் பொருத்தும் பிரஷர் சென்சார் செய்கிறோம். உள்ளே வைக்கிற சிலிக்கான் சில்லு மட்டும் வெளியிலிருந்து வரும். எள்ளு அளவுதான் இருக்கும். அதன் நடுவில் மெல்லிய சவ்வு, சவ்வின்மேல் நான்கு மின்தடைகள். அழுத்தத்தில் சவ்வு வளைந்தால் தடை மாறும். 5 வோல்ட் கொடுத்தால் முழு அழுத்தத்துக்கே 100 மில்லிவோல்ட் வாக்கில்தான் கிடைக்கும்.

அழுத்தம் இல்லாதபோதும் கொஞ்சம் மில்லிவோல்ட் மிச்சம் நிற்கும். அதற்குப் பெயர் ஆஃப்செட். தங்கக் கம்பி பிணைத்ததும், மூடுவதற்கு முன்பு, அதை அளப்பதுதான் என் வேலை. எல்லை தாண்டினால் அங்கேயே கழித்துவிட வேண்டும். எண்ணெய் நிரப்பி வெல்டிங்கும் முடிந்த பிறகு தெரிந்தால் மொத்தமும் காயலான் கடைக்குத்தான்.

முதல் வாரம் ஒரு காலையில் 11 சில்லுகள் கழிந்தன. சாயங்காலம் சும்மா மறுபடி அளந்தேன், 8 நல்லவையாகிவிட்டன! மறுநாள் காலை அதே எட்டும் கெட்டவை. மீட்டரை மாற்றினோம், புரோப் ஊசியைத் துடைத்தோம், எர்த்தைச் சந்தேகப்பட்டோம். சூடுதான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். ஏசி அறை, தெர்மாமீட்டர் அசையவே இல்லை.

"என்ன அம்மிணி, இன்னும் முடியலையா?" என்று ஃபோர்மேன் அண்ணன் மேசைமேல் குனிந்தார். எண் சரசரவென்று இறங்கியது. "கொஞ்சம் தள்ளுங்கண்ணா" என்றேன். தள்ளினார், ஏறியது. மறுபடி குனியச் சொன்னேன், இறங்கியது. என் மேசை கிழக்கு ஜன்னலை ஒட்டி இருந்தது.

அந்த மின்தடைகள் p வகை, அடியில் இருப்பது n வகை சிலிக்கான், இரண்டிலும் சேர்த்த கலப்பு வேறு. இரண்டும் சேரும் இடத்தில் வெளிச்சம் பட்டால் சோலார் பேனல் மாதிரி மின்னோட்டம் கசியும். டிப்ளமோவில் படித்ததுதான், வேலையில் நினைவுக்கு வரவில்லை.

அன்றைக்கு என் டிபன் பாக்ஸ் மூடியைக் கவிழ்த்துத்தான் அளந்தோம். அப்புறம் கறுப்புப் பெட்டி வந்தது. அந்த 11-இல் 3 மட்டும் மூடிக்கு அடியிலும் எல்லை தாண்டியே நின்றன. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றில் விரிசல். மற்ற இரண்டிலும் ஒட்டுப் பசை ஒரு பக்கமாக ஏறி சில்லை இழுத்துக்கொண்டிருந்தது.