மார்ச்சா, ஏப்ரலா

14 ஒக்டோபர் 2024
அவுஸ்திரேலியாவில் அகதி விண்ணப்ப மறுப்புகளைத் திரும்பப் பார்த்த பழைய மீளாய்வு அமைப்பை மூடிவிட்டார்கள். இன்று முதல் புதிய தீர்ப்பாயம். காலையிலேயே ஆறு பேர் அந்தச் செய்தியை அனுப்பியிருந்தார்கள். லோயருக்கு எடுத்தேன். என் விண்ணப்பத்தை ஏற்கனவே மறுத்தது மறுத்ததுதானாம்.

15 ஒக்டோபர்
நித்திரை இல்லை.

22 ஒக்டோபர்
அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போனது மார்ச் என்று முதல் விசாரணையில் சொன்னேன். பிறகு எழுதிக் கொடுத்தபோது ஏப்ரல். 2009இல் அந்த இரண்டு மாதமும் பங்கருக்குள்தான் கிடந்தோம், யாரிடம் கலண்டர் இருந்தது? அந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன எதையுமே நம்ப முடியாது என்று எழுதிவிட்டார்கள். மீளாய்வில் நேரில் கூப்பிடவே இல்லை, தாள்களை மட்டும் வாசித்தார்கள். கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அண்ணா போகும்போது காலில் செருப்பு இல்லை. மாதம் தெரியாது, அது தெரியும். பிறகு போன நீதிமன்றத்திலும் சட்டப்பிழை உண்டா என்றுதான் பார்த்தார்கள்.

ஒரே படகில் வந்தவர், பக்கத்து ஊர்க்காரர். அவருக்குத் தற்காலிக விசா கிடைத்திருந்தது. 2023 பெப்ரவரியில் அப்படி இருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி விட்டார்கள். மறுக்கப்பட்ட எங்களுக்கு இல்லை. அவரை வாழ்த்த நான் போகவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

11 நவம்பர்
மகளுக்குப் பத்து வயதாக இன்னும் ஒரு மாதம். இங்கே பிறந்து பத்து வயதுவரை இங்கேயே வளர்ந்த பிள்ளைக்கு, பத்தாவது பிறந்தநாளன்று சட்டப்படி குடியுரிமை. பெற்றோருக்கு அதனால் எதுவும் இல்லை. பரவாயில்லை, அவளுக்கு இருக்கட்டும்.

19 நவம்பர்
இடைக்காலத்துக்குத் தங்க விடும் பிரிட்ஜிங் விசா இன்றோடு முடிகிறது. புதியது வரவில்லை. வேலையிடத்தில் கேட்டார்கள்.

20 நவம்பர்
வந்தது. ஆறு மாதம்.

28 நவம்பர்
இரவு செனட்டில் மூன்று குடிவரவுச் சட்டமூலங்களும் நிறைவேறிவிட்டன. திருப்பி அனுப்புவதற்கு ஒத்துழைக்கச் சொல்லி இனி அமைச்சர் கட்டளையிடலாம். இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் கையெழுத்து வைக்க மறுத்தால் குறைந்தது ஒரு வருடம், கூடினால் ஐந்து வருடம் சிறை. யாருக்குப் பயந்து ஓடி வந்தோமோ அவர்களிடமே என் பெயரை என் கையாலேயே எழுதிக் கொடுப்பதா? மனுசி அழவில்லை. பாத்திரங்களைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

1 டிசம்பர்
பலூன் பத்தா, இருபதா என்று மகள் கேட்கிறாள். இருபது என்றேன்.

4 டிசம்பர்
விடியப்புறம் நினைவு வந்தது. அண்ணா போனதற்கு முதல் நாள், பக்கத்துப் பங்கரில் ஒரு கிழவி “இண்டைக்கு வருசப் பிறப்பு” என்று சொன்னா. சித்திரை. அப்படியென்றால் ஏப்ரல்தான், எழுதிக் கொடுத்ததுதான் சரி.

லோயருக்கு எடுத்தேன். பதில் இல்லை. திரும்ப எடுக்க வேண்டும்.