மின் ஆவண மேலாண்மையில் வார்ப்புரு அமைத்தல்: எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது

மின் ஆவண மேலாண்மை மென்பொருள் ஒன்றை நிறுவும்போது எந்த சர்வர், எத்தனை பயனர் உரிமம், பழைய கோப்புகளை எப்படி ஏற்றுவது என்பதற்கெல்லாம் வாரக்கணக்கில் கூடிப் பேசுகிறோம். ஆவண வார்ப்புரு அமைக்கும் வேலையை மட்டும் கடைசி நேரத்தில் யாரோ ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். தேடுபவருக்கு ஆவணம் கிடைக்குமா, அழிக்க வேண்டியது உரிய காலத்தில் அழிக்கப்படுமா, பார்க்கக் கூடாதவர் கண்ணில் படாமல் இருக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த வார்ப்புருதான். ஆகவே, இந்த வேலையில் இருப்பவர்களுக்காக என் கருத்தை விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு வகை ஆவணத்தைப் பதியும்போது திரையில் எந்தெந்தப் புலங்கள் (விவரம் நிரப்பும் கட்டங்கள்) வர வேண்டும், அவற்றுள் எவை கட்டாயம், எவை தானாக நிரம்ப வேண்டும், அந்த ஆவணம் வகைப்பாட்டில் எங்கே அமரும், எவ்வளவு காலம் இருக்கும், யார் பார்க்கலாம் என்பவற்றை முன்கூட்டியே வரையறுத்து வைப்பதே வார்ப்புரு. ஒரு மென்பொருளில் இதற்கு ‘ஆவண வகை’ என்று பெயர், மற்றொன்றில் ‘உள்ளடக்க வகை’ என்று பெயர். செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான்.

பெரும்பாலோர் செய்வது, காகிதப் படிவத்தையோ பழைய பதிவேட்டின் பத்திகளையோ எடுத்து அப்படியே திரையில் புலங்களாக மாற்றுவது. நான் இதற்கு எதிர்த்திசையிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஒவ்வொரு புலத்தையும் காட்டி, ‘இதை வைத்துப் பிற்காலத்தில் யார் தேடப்போகிறார்கள், அல்லது எந்த விதி இதைப் பார்த்து இயங்கப்போகிறது?’ என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் விடை இல்லையென்றால் அந்தப் புலம் வேண்டியதில்லை. இவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு: தேவையற்ற கட்டாயப் புலம் இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை, பொய்த் தரவையும் உருவாக்குகிறது. அவசரத்தில் இருக்கும் ஊழியர், விடை தெரியாத கட்டாயப் புலத்தில் ஒரு புள்ளியையோ கோட்டையோ தட்டிவிட்டு, அல்லது பட்டியலின் முதல் பெயரைத் தேர்ந்துவிட்டு, சேமி பொத்தானை அழுத்துவார். அவரைக் குறை சொல்ல முடியாது. காலியாக இருக்கும் புலம் ‘தெரியாது’ என்றாவது உண்மையைச் சொல்கிறது. ஒப்புக்கு நிரப்பிய புலமோ தேடுபவரைத் திசை திருப்புகிறது.

ஆவண மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 15489 தரநிலை 2001இல் வெளிவந்து 2016இல் திருத்தப்பட்டது. நம்பத்தக்க ஆவணத்துக்கு மெய்த்தன்மை, நம்பகம், முழுமை, பயன்படுதன்மை ஆகிய நான்கும் வேண்டும் என்கிறது அது. இவற்றைக் காக்கும் மெட்டாடேட்டாவுக்கு, அதாவது ஆவணத்தைப் பற்றிய விவரங்களுக்கு, ஐ.எஸ்.ஓ. 23081 என்ற தனித் தரநிலையே இருக்கிறது. இவற்றைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் பயனரிடம் கேட்டாக வேண்டும் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் பதிந்தவர் பெயர், பதிந்த நேரம், கோப்பின் வடிவம், அளவு, யார் எப்போது திறந்தார் என்ற தணிக்கைத் தடம் ஆகியவற்றை மென்பொருளே குறித்துக்கொள்ளும். துறை, வகைப்பாட்டு எண், அணுகல் உரிமை ஆகியவற்றை ஆவணம் சேரும் கோப்புறையிலிருந்து தானாக இறங்கி வரும்படி அமைக்கலாம். இவை போக மிஞ்சுவதைத்தான் மனிதரிடம் கேட்க வேண்டும்.

ஒப்பந்தம் என்ற வகையை எடுத்துக்கொள்வோம். கேட்க வேண்டியவை ஒப்பந்த எண், எதிர்த் தரப்பு, கையெழுத்தான தேதி, முடிவடைந்த தேதி என்ற நான்குதான். தலைப்பைப் பயனர் தட்டச்சு செய்ய விடக் கூடாது. விட்டால் ‘ஒப்பந்தம் இறுதி’, ‘ஒப்பந்தம் இறுதி புதியது’ என்றுதான் வந்து சேரும். வகை, எண், தரப்பு, ஆண்டு ஆகியவற்றைக் கோத்துத் தலைப்பு தானாக உருவாகும்படி வார்ப்புருவில் விதி எழுதிவிட்டால், எல்லாத் தலைப்புகளும் நூல் பிடித்தாற்போல் ஒரே ஒழுங்கில் நிற்கும். அந்தத் தலைப்பில் நாளும் வேண்டுமென்றால் 03/04/2019 என்ற வடிவம் உதவாது. அது மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று படிப்பவருக்குத் தெரியாது. ஐ.எஸ்.ஓ. 8601 சொல்லும் 2019-04-03 என்ற முறையில் அந்தக் குழப்பம் இல்லை. அதைத் தலைப்பின் தொடக்கத்தில் வைத்தால், பெயர் வரிசையில் அடுக்கினாலே கால வரிசையும் அமைந்துவிடும்.

அந்த நான்கிலும் முடிவடைந்த தேதியே என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. ‘ஒப்பந்தம் முடிந்தபின் 7 ஆண்டுகள் வைத்திருந்து அழிக்க வேண்டும்’ என்பது போன்ற விதியில் ஆண்டுக் கணக்கு பதிந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை, ஒரு நிகழ்விலிருந்து தொடங்குகிறது. அந்தத் தேதியைப் பதியும்போதே கட்டாயமாக்க முடியாது, ஏனெனில் அது இன்னும் நடக்கவில்லை. கட்டாயமில்லை என்று சும்மா விட்டுவிட்டாலோ, யாரும் திரும்பி வந்து நிரப்பமாட்டார்கள். கணக்கு தொடங்கவே தொடங்காது, ஆவணம் என்றென்றும் கிடக்கும். தனிநபர் விவரங்கள் அடங்கிய ஆவணமாக இருந்தால் இது வெறும் இடப் பிரச்சினை மட்டுமல்ல, சட்டச் சிக்கலும் ஆகும். இதனால், எதிர்பார்க்கும் முடிவுத் தேதி என்று இன்னொரு புலத்தைச் சேர்த்து, அந்த நாள் கடந்தும் உண்மையான முடிவுத் தேதி காலியாக இருந்தால் பொறுப்பாளருக்கு நினைவூட்டல் போகும்படி அமைக்கச் சொல்கிறேன். புலங்களைக் குறைக்கச் சொல்லும் நானே ஒன்றைக் கூட்டுவது இந்த ஓர் இடத்தில்தான். மேலே சொன்ன கேள்விக்கு இதனிடம் தெளிவான விடை இருக்கிறது.

தேர்வுப் பட்டியல்களைப் பற்றிச் சுருக்கமாக. ‘இதர’ என்ற தேர்வை வைத்தால் அதன் கீழ் சேர்ந்தவற்றை அவ்வப்போது எடுத்துப் பார்க்க ஓர் ஆளையும் நியமிக்க வேண்டும். அங்கே எது குவிகிறதோ அதுதான் பட்டியலில் விடுபட்ட பெயர். துறையின் பெயர் மாறினால் பழைய பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது, புதிய பதிவுகளுக்குத் தோன்றாதபடி முடக்கி வைக்க வேண்டும். நீக்கினால் சில மென்பொருள்களில் பழைய ஆவணங்களின் அந்தப் புலம் வெறுமையாகிவிடும்.

வார்ப்புருவைப் பயன்பாட்டுக்கு விடுமுன், கற்பனை மாதிரிகளைக் கொண்டு சோதிப்பதில் பயனில்லை. உண்மையான பழைய ஆவணங்களை, அவற்றைக் கையாளும் ஊழியரிடமே கொடுத்துப் பதியச் சொல்லி, எந்தப் புலத்தில் அவர் கை தயங்கி நிற்கிறது என்று அருகில் அமர்ந்து கவனிக்க வேண்டும். பிறகு வேறொருவரிடம் அதே ஆவணங்களைத் தேடச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாம் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புலங்களை மாற்றுவது இந்தக் கட்டத்தில் எளிது. ஆயிரக்கணக்கான ஆவணங்கள் ஏறியபின் ஒரு புலத்தைச் சேர்த்தால் முந்தையவற்றில் அது காலியாகவே இருக்கும், அவற்றை யார் நிரப்புவது என்று அப்போதே முடிவு செய்தாக வேண்டும். இதனால் ஒவ்வொரு வார்ப்புருவுக்கும் பதிப்பு எண்ணும், என்ன மாற்றம், எந்த நாளில், யார் ஒப்புதலோடு என்ற குறிப்பும் வேண்டும். அந்தக் குறிப்பையும் ஓர் ஆவணமாக அதே மென்பொருளில் பதிந்து வைக்கலாம்.