பிரமோஷன் வேண்டாம் என்றவர்

பிரமோஷன் தேர்வுக்கான சுற்றறிக்கை வந்தால், தகுதியுள்ள கிளார்க்குகளைக் கூப்பிட்டுப் பேசி எழுதவைக்கச் சொல்வார்கள். பாம்பன் பக்கம் நான் மேனேஜராக இருந்த வங்கிக் கிளையில் தகுதியுள்ளவர் ஒருவர்தான். வங்கி ஊழியர்களுக்கான ஜேஏஐஐபி தேர்வை முடித்து அதற்கான இன்கிரிமென்ட்டும் வாங்கியவர்.

"எழுதுங்கம்மா, உங்கள மாதிரி ஆள் ஆபீசரா வரணும்" என்றேன்.

"வேணாம் சார், இங்கயே இருந்துக்கிறேன்."

"இப்படியே இருந்தா எப்படி வளர்றது?"

"நான் போயிட்டா இந்த சீட்டுக்கு யார் சார் வருவா?"

யாராவது வருவார்கள், நானே அப்படி வந்தவன்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அது மே மாதம்.

மத்திய அரசுத் திட்டங்களான, வருடத்துக்கு 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, 20 ரூபாய் விபத்துக் காப்பீடு இரண்டுக்கும் பணம் மே கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். இந்தக் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் வந்தாலும் மளிகைக்கும் வட்டிக்கும் போய்விடும். பிடிக்கக் காசு இல்லையென்றால் ஜூன் 1 முதல் அந்த இரண்டு லட்ச ரூபாய்ப் பாதுகாப்பு கிடையாது. பிறகு பணம் கட்டிச் சேரலாம். ஆனால் முதல் 30 நாளுக்குள் நோயில் இறந்தால் ஆயுள் காப்பீட்டில் ஒன்றும் வராது. எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

அவர் மே தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடுவார். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் பாஸ்புக் பதிய வந்தால், பின் அட்டையில் பென்சிலால் 456 என்று எழுதி வட்டம் போட்டு, "இத மட்டும் எடுத்துறாதீக அக்கா" என்று கொடுப்பார். வராதவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போன். ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் டெபாசிட்டுக்குக் கட்டம் உண்டு, நகைக்கடனுக்கு உண்டு, இன்சூரன்ஸ் விற்றதற்கும் உண்டு. விற்றது காலாவதியாகாமல் காத்ததற்குக் கட்டம் இல்லை. பொதுக் கருத்தில் நாலு வரி எழுதினேன். மேலே யாராவது படித்ததாகத் தெரியவில்லை.

அவருக்கு வேலையில் திருப்தி இருந்தது, சந்தேகமே இல்லை. ஊர்ஊராக மாற்றலாகிப் போன எனக்கு அந்த அளவு திருப்தி எந்தக் கிளையிலும் வாய்த்ததில்லை. ஆனால் "அவர் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லியே நல்ல ஆட்களை அதே நாற்காலியில் விட்டுவிடுகிறோமோ என்றும் தோன்றுகிறது. ஆபீசரானால் எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று தெரியாது. குடும்பம் உள்ள பெண்கள் அதற்குப் பயந்தே வேண்டாம் என்கிறார்கள். அவருடைய உண்மையான காரணம் அந்த சீட்டா, இந்தப் பயமா? மாவட்டத்துக்குள்ளேயே போஸ்டிங் என்றால் எழுதுவீர்களா என்று கேட்க நினைத்தேன். கொடுக்க என் கையில் இல்லாததை எப்படிக் கேட்பது?

விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றே அனுப்பிவிட்டேன். அந்த மே மாதத்துக்கு அவர் இருப்பார் என்பதில் எனக்கு நிம்மதியும் இருந்தது. கிளையை நடத்துகிறவனுக்கு அது இல்லாமல் இருக்குமா? இருந்தாலும் உறுத்துகிறது.

வளர்ச்சி, வளர்ச்சி என்று சுற்றறிக்கை அனுப்புகிறவர்கள் முதல் மூன்று வருடமாவது சொந்த மாவட்டத்தில் போஸ்டிங் என்று எழுதித் தரட்டும். அப்புறமும் அவர் வேண்டாம் என்றால், அது அவருடைய விருப்பம்தான் என்று நம்புவேன்.