ரப்பர் மரத்த தட்டுன கதை

காலேஜ்ல பாடம் எடுக்க வாறதுக்கு முன்னாடி நாகர்கோவில்ல ஒரு டிடிபி கடையில மூணு வருஷம் டைப் அடிச்சேன், 2006-ல இருந்து. எம்ஃபில்ங்கற ஆய்வுப் படிப்பு இருந்த காலம் அது. இப்ப அந்தப் படிப்பையே நிறுத்தியாச்சு. ஆய்வேடு குடுக்க வேண்டிய மாசம் வந்துட்டா கடையில மதியச் சோறு சாயங்காலம்தான். பாதிப்பேரு கையெழுத்துல எழுதிட்டு வருவாங்க, மீதிப்பேரு பழைய ஆய்வேடு ஒண்ண மேசையில வச்சு "அண்ணே இதயே அடிச்சிருங்க, ஊரு பேர மட்டும் மாத்தணும்"ம்பாங்க. மாத்திக் குடுத்திருக்கேன், மறைக்க என்ன இருக்கு. 'காணப்படுகிறது'ங்கறத 'காண முடிகிறது'ன்னு ஆக்கணும், 'எனலாம்'ங்கறத 'என்று கூறலாம்'னு ஆக்கணும், அதுக்கு பக்கத்துக்கு ரெண்டு ரூபா கூட. ஒரு தடவ நன்றியுரைய மாத்த மறந்துபோயி, கல்யாணமே ஆகாத ஒரு பையனுக்க ஆய்வேட்டுல "பொறுமையுடன் ஒத்துழைத்த என் கணவருக்கு"ன்னு அச்சாகி பைண்டிங்கும் முடிஞ்சு அட்டையில தங்க எழுத்தும் போட்டாச்சு. ராத்திரி பத்து மணிக்கு அந்தத் தாள பிளேடால வெட்டி எடுத்து வேற தாள் ஒட்டுனோம்.

இப்ப மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கேன். பிள்ளைங்க புராஜெக்ட் கொண்டு வாறப்ப ரெண்டு பத்தி படிச்சாலே போதும், எந்த வரி யாருக்க கையில இருந்து வந்ததுன்னு மூக்குல ஏறிரும். கடை அனுபவம்தான், வேற என்ன.

போன வருஷம் குலசேகரம் பக்கத்துப் பிள்ள ஒருத்தி, ரப்பர் தோட்டத் தொழிலாளர் பத்தி புராஜெக்ட். முதல் இயல்ல ஒரு வரி: "தொழிலாளர்கள் அதிகாலையில் ரப்பர் மரங்களைத் தட்டுகின்றனர்." நான் அத அப்படியே ரெண்டு தடவ படிச்சேன். இங்கிலீஷ் கட்டுரை ஒண்ண போன்ல மொழிபெயர்த்து, அப்புறம் அங்கங்க வார்த்தைய மாத்தியிருக்கா. பால் வெட்டுறதுக்கு இங்கிலீஷ்ல உள்ள டாப்பிங், தட்டுதல் ஆயிட்டு. "மக்களே, உனக்க அப்பா என்ன வேல?"ன்னு கேட்டேன். "பால்வெட்டு சார்." அப்பா மரத்த தட்டுவாரான்னு கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்துட்டு.

போன உள்ள வச்சிட்டு, பேப்பரையும் கவுத்தி வச்சிட்டு, அப்பா காலையில என்ன செய்வாருன்னு எனக்கு வெறுமனே சொல்லுன்னேன். சொன்னா பாருங்க. இருட்டோட போகணும், வெயில் ஏறிட்டா பால் ஓட்டம் கொறஞ்சிரும், பட்டைய மெல்லிசா சீவணும், ஆழமா போயி தடியில கத்தி பட்டா அந்த எடம் கெட்டுப்போகும், மரத்த சுத்தி பாதிக்குத்தான் வெட்டு, இடது பக்கம் ஒசந்து வலது பக்கம் தாழ்ந்து சரியணும், கீழ சிரட்ட, மறுநாள் வெட்டுல காஞ்சு கெடக்க ஒட்டுபால உரிச்சு எடுத்துட்டுதான் புது வெட்டு... கையால காத்துல வெட்டியே காட்டுனா. இதத்தான் எழுதணும், இதுதான் சொந்த நடைன்னேன். பத்து நிமிஷம் பாடம் எடுத்தாலும் ஏறாதது அப்பதான் ஏறுச்சு. வார்த்தைக்கு வார்த்த வேற வார்த்த தேடுறவன் மூலத்த கண் முன்னாடி வச்சிருக்கான், அதனால அதுக்க வாக்கிய எலும்பு அப்படியே நிக்கும், மேல சட்ட மட்டும்தான் மாறும். படிச்சு மூடிட்டு சொல்றவனுக்கு அந்த வசதி கிடையாது, புரிஞ்சிருந்தாதான் வாயில வரும்.

ஆனா கதை அங்க முடியல்ல. அடுத்த வாரம் எழுதிட்டு வந்தா, நல்லாவே இருந்துது, அடிக்குறிப்பு ஒண்ணுகூட கிடையாது. ஏன்னு கேட்டா, "எல்லாம் என் சொந்த வார்த்தைதானே சார்." இந்தப் பதில நூறு பிள்ளைங்ககிட்ட கேட்டிருப்பேன். வார்த்த உனக்கது, விஷயம் யாருக்கது? வெட்டு ஏன் வலது பக்கமா சரியணும்னு அப்பா சொன்னாரான்னு கேட்டேன். யோசிச்சா. "இல்ல சார், அப்பா அப்படித்தான் வெட்டணும்னு சொல்லுவாரு. பட்டைக்குள்ள பால் குழாய் சாய்வா ஓடுது, அப்படி வெட்டுனாதான் நிறைய குழாய் அறுபடும்ங்கறது அந்த இங்கிலீஷ் கட்டுரையில இருந்துது." அப்ப அந்த வரிக்கு கட்டுரைக்காரர் பேரு போடணும். வெயில் ஏறுனா பால் கொறஞ்சிரும்ங்கறது அப்பா சொன்னது, அதுக்கு அப்பா பேரு. அவளுக்கு இதுதான் ஆச்சரியம், அப்பாவயும் மேற்கோள்ல போடலாமான்னு.

எழுத்துக் களவ கண்டுபிடிக்க மென்பொருள் வந்த பிறகு வேற ஒரு வியாதி. பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யுஜிசி, 2018-ல விதி கொண்டு வந்துது, ஒப்புமை, அதாவது அடுத்தவங்க எழுத்தோட ஒத்துப்போறது, 10 சதவீதம் வர பிரச்சன இல்ல, 10-ல இருந்து 40 வர இருந்தா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 60-க்கு மேல போனா பதிவே ரத்து. பிள்ளைங்க இத எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னா, பத்து சதவீதம் களவாண்டுக்கலாம்னு அரசாங்கமே அனுமதி குடுத்திருக்கு. பேரு போட்டு முறையா எடுத்தாண்ட மேற்கோள் அந்தக் கணக்குலயே சேராதுன்னு அதே விதியில இருக்கு, அத யாரும் படிக்கல்ல. பொதுவான சொற்கள் தொடர்ச்சியா 14 வார்த்த வர ஒத்துப்போனா கணக்கில்லன்னும் இருக்கு. ஒரு பையன் அத மட்டும் கரெக்டா பிடிச்சுக்கிட்டு பதிமூணு வார்த்தைக்கு ஒரு தடவ ஒரு சொல்ல மாத்திட்டே போயிருக்கான், எண்ணி எண்ணி. அந்த நேரத்துக்கு புத்தகத்தயே படிச்சு முடிச்சிருக்கலாம் சவம். தமிழ்ல இன்னொரு கூத்து, பழைய யூனிகோடு இல்லாத எழுத்துருவுல அடிச்சுக் குடுத்தா மெஷினுக்கு அது தமிழே கிடையாது, ஏதோ இங்கிலீஷ் கிறுக்கல், ஒப்புமை ரெண்டு சதவீதம்னு அழகா ரிப்போர்ட் வரும். கடையில இருந்திருந்தா இதுக்கும் ஒரு ரேட்டு வச்சிருப்போம்.

நான் பயப்படுறது களவுக்கு இல்ல, தப்பு ஊர்வலம் போறதுக்கு. மாத்தூர் தொட்டிப்பாலம் பத்தி அஞ்சு பேரு எழுதுனாங்க. 1966-ல கட்டுனது, 115 அடி உயரம், 1 கிலோமீட்டர் நீளம். ஒருத்தர் 'நீளமுடையது', ஒருத்தர் 'நீண்டு செல்கிறது', இன்னொருத்தர் 'நீளத்தில் அமைந்துள்ளது', வார்த்த அஞ்சு விதம். ஆறாவது பையன் வேற எங்கயோ பாத்து 1240 அடின்னு எழுதியிருந்தான். அது 400 மீட்டர்கூட கிடையாது. எது சரின்னு கேட்டா ஒருத்தனுக்கும் எங்க எடுத்தோம்னு ஞாபகம் இல்ல, பேரு போட்டிருந்தா திரும்பிப் போயி பாத்திருக்கலாம். கடைசியில ஆறாவது பையன் ஞாயித்துக்கிழம பஸ் ஏறிப்போயி பாலத்து மேல காலடிய எண்ணிட்டே நடந்திருக்கான். 530 சொச்சம். கிலோமீட்டர்னா ஆயிரத்து நானூறாவது வரணும்.

மேற்கோள் பத்தியும் சொல்லணும். நம்ம பிள்ளைங்களுக்கு மேற்கோள்னா தோரணம், பக்கத்துக்கு நாலு தொங்கவிட்டாதான் நிறைவு. நான் கேக்கது ஒண்ணுதான்: இந்த ஆளு சொன்ன சொல்லே முக்கியமா, இல்ல சேதி போதுமா? சேதி போதும்னா உனக்க நடையில சொல்லி பேரு போடு. சொல்லே முக்கியம்னா ஒரு எழுத்து மாத்தாத. கடற்கரை ஊர்ல பேட்டி எடுத்துட்டு வந்த ஒருத்தன், அந்த அம்மா "எனக்க வீட்டுக்காரரு"ன்னு சொன்னத மேற்கோள் குறிக்குள்ளயே "எனது கணவர்"னு திருத்தி வச்சிருந்தான். அழகுக்காகன்னான். குறி போட்ட பிறகு அது அவங்களுக்க வாய், நம்ம வாய் இல்ல.

சுருக்கி எழுதுறது பத்தி பெரிசா சொல்ல ஒண்ணும் இல்ல, முன்னுரையும் பின்னட்டையும் படிச்சிட்டு முந்நூறு பக்கத்த சுருக்குறது மாணவர்கள் மட்டும் செய்யது கிடையாது.

இதெல்லாம் வெள்ளக்காரன் சட்டம்னு ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் சொன்னாரு. தொல்காப்பியத்துல நூற்பாவுக்கு நூற்பா 'என்ப', 'என்மனார் புலவர்'னு, புலவருங்க இப்படிச் சொல்றாங்கன்னு வருதே, அது என்னவாம்? முன்னாடி உள்ள நூல வச்சு எழுதுற வழிநூல் நாலு வகைன்னு சொல்றப்ப முதல்ல வைக்கதே தொகுத்தல், அதாவது சுருக்கிச் சொல்றது. அந்த நூல உக்காந்து கேட்டு சரிபாத்த அதங்கோட்டாசான் நம்ம விளவங்கோடு பக்கத்து அதங்கோட்டுக்காரருன்னு இங்க மார் தட்டுவோம். அது வைவா, வாய்மொழித் தேர்வு, இல்லாம வேற என்ன.

ரப்பர் பிள்ள கடைசி வரைவோட வந்தப்ப தகவலாளி பட்டியல் மட்டும் பாக்கி. பேரு போடட்டுமா, நம்பர் மட்டும் போதுமான்னு கேட்டா. தோட்டக்காரரு ஏதும் நினைப்பாரோன்னு எனக்கும் ஒரு யோசன, அப்பாகிட்டயே கேட்டுட்டு வான்னு அனுப்புனேன். மறுநாள் காலையில வாசல்ல நின்னா.

"பேரே போடச் சொன்னாரு சார். இனிஷியலோட."