துணி வேண்டாம்ண்ணே

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை. மறுநாள் நானும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்கள் நாலைந்து பேரும் சேர்ந்து, அங்கே அனுப்ப ஏழு பெட்டி பழைய துணி கட்டிவிட்டோம். கார்கோ கூலியைக் கேட்டதும்தான் தலை சுற்றியது. துணியின் விலையைவிட அது அதிகம்!

விழுப்புரம் பக்கம் குத்தகைக்கு நெல் போட்டிருக்கும் சித்தப்பா மகனுக்கு போன் போட்டேன். "துணி வேண்டாம்ண்ணே. எங்க ஊர் ஏரிக்கரையில இருளர் குடும்பம் பதினொண்ணு இருக்கு. தார்ப்பாயும் சோத்துப் பானையும்தான் வேணும்" என்றான்.

வீடியோவில் காட்டினான். ஒரு கிழவி, நனைந்து உப்பிப்போன ரேஷன் கார்டைக் கருங்கல்லில் விரித்து, பறக்காமலிருக்க மேலே அகப்பையை வைத்திருந்தார். அரசு கொடுத்த 2,000 ரூபாய் நிவாரணம் கார்டு இருப்பவர்களுக்குத்தான். பக்கத்துக் குடிசைக்குக் கார்டே கிடையாது.

அவன் பாடும் அப்படித்தான். சேதமான நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் அறிவித்தார்கள். ஆனால் நிலம் இவன் பேரில் இல்லையே. அதை அவன் சொல்லவில்லை, நானாகக் கேட்டுத்தான் தெரிந்தது.

லெபோ அம்பாங்கில் 1,400 ரிங்கிட் மாற்றி அனுப்பினோம். பதினொரு தார்ப்பாய், பானை, அரிசி. இவனுக்கு விதைநெல் வாங்கத் தனியாகக் கொஞ்சம் போட்டேன், திட்டினான்.

ஏழு பெட்டியும் இன்னும் என் வீட்டு வராந்தாவில்தான்.