பின்னாடிதான் கடித்தது

ஹார்டெயில் என்பது முன்சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள். பின்பக்கம் வெறும் அலுமினியக் குழாய்தான். வாங்கி வந்த அன்றே மனைவி சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இவ்வளவு காசு குடுத்திருக்கீங்க, பின்னாடி ஒரு ஸ்பிரிங் வைக்க மாட்டாங்களா?" எடை குறைவு, மேடு ஏறும்போது மிதிக்கிற மிதி வீணாகாது, செலவு வைக்காது என்று கடையில் கேட்டதை எல்லாம் ஒப்பித்தேன். "எங்கப்பாவோட ஓட்டை மொபெட்ல ரெண்டு இருக்கு" என்றாள்.

டிசம்பரில் நானும் நண்பனும் ஏற்காடு போனோம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மிதித்தே ஏறுகிற புண்ணியவான்கள் உண்டு. நாங்கள் சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றினோம். வழியில் இருவர் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் பார்வையைத் தவிர்க்க நான் போனை எடுத்துக்கொண்டேன்.

மேஸ்திரி ஒருவர் மூலம் எஸ்டேட்டில் அனுமதி வாங்கியிருந்தோம். ஜீப் போகிற தடம். மழைக்கு மண்ணெல்லாம் கரைந்து ஓடி, கல் மட்டும் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. அதற்கு மேல் சில்வர் ஓக் சருகு ஒரு போர்வை. எது கல், எது பள்ளம் என்பது சக்கரம் ஏறிய பிறகுதான் தெரியும். சேர்வராயன் மலையின் இந்தக் கருநீலக் கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இதே வகை என்பதால் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். கல்லறைக்கு வைக்கிற கல் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயிருப்பேன்.

நண்பன் சைக்கிள் ஞானி. தடம் தொடங்கும் இடத்தில் நின்று பாடம் எடுத்தான். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கணும், சீட்டில் உட்காரக் கூடாது, முழங்கையும் முழங்காலும் மடங்கியே இருக்கணும், பிரேக்குக்கு ஒரே விரல். "கல்லப் பாக்காத, வழியப் பாரு. எதைப் பாக்கறியோ அதுலதான் போய் முட்டுவ." கடைசியாக என் டயரை அமுக்கிப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு, இறக்கு" என்று காற்றழுத்தத்தை 20 பிஎஸ்ஐக்குக் கொண்டுவந்தான். காற்று கம்மியாக இருந்தால் டயர் கல்லைக் கவ்விப் பிடிக்கும். உண்மைதான். ஆனால் அவன் 62 கிலோ, நான் 88. அவனுடையது டியூப்லெஸ், என்னுடையதில் டியூப். இந்த இரண்டு விவரமும் அந்த நேரம் பார்த்து ஞானிக்கு மறந்துவிட்டது.

முதல் கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. முன்பக்கம் சஸ்பென்ஷன் ஃபோர்க் கல்லை விழுங்கிவிடும். அதே கல் பின்சக்கரத்துக்கு வரும்போது முழங்கால்தான் விழுங்க வேண்டும். என் முழங்காலுக்குச் சீக்கிரமே வயிறு நிறைந்துவிட்டது. நின்று ஓட்ட முடியாமல் உட்கார்ந்தேன். அதன் பிறகு ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறிக் கடைவாய்ப்பல் வரைக்கும் வந்து விசாரித்துவிட்டுப் போனது. நடுவில் ஒரு பாட்டி, தலையில் விறகுக் கட்டோடு, வெறுங்காலில் என்னை முந்திப் போனார். இறக்கத்தில்.

அப்புறம் அந்தக் கல் வந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். முன்சக்கரம் தாண்டிவிட்டது, பின்சக்கரம் 'டங்' என்றது. ரிம்மில் கல் பட்ட சத்தம். நாலு மீட்டர் போவதற்குள் டயர் சப்பையாகிவிட்டது.

இந்த மாதிரி பஞ்சருக்கு ஸ்னேக் பைட் என்று பெயர். கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கும்போது ரிம்மின் இரண்டு விளிம்பும் இரண்டு ஓட்டை போட்டுவிடும். பாம்புப் பல் பதிந்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நாங்கள் இதைப் பாம்புக்கடி என்றுதான் சொல்வோம். தமிழ்ப்பற்று ஒன்றுமில்லை, சொல்லும்போது கொஞ்சம் கெத்தாக இருக்கும், அவ்வளவுதான்.

கீழே வளைவிலிருந்து நண்பன் கத்தினான்: "என்னடா ஆச்சு?"

"பாம்புக்கடிடா!"

காபிப் பழம் பறிக்கிற காலம் என்பது எனக்கு உறைக்கவில்லை. செடிகளுக்குள்ளிருந்து ஏழெட்டுப் பெண்களும் ஒரு பெரியவரும் ஓடி வந்தார்கள்.

"எங்க சாமி கடிச்சுது?"

"பின்னாடி..." என்று ஆரம்பித்தேன். சக்கரத்தில் என்று முடிக்க விடவில்லை.

"ஐயோ, அங்கயா!"

பெரியவர் துண்டை உருவிக்கொண்டு கட்டுப்போட வந்தார். எங்கே கட்டுவது என்று புரியாமல் அப்படியே நின்றார். ஒரு இளம்பெண் அவரை அதட்டினாள்: "கட்டக் கூடாதுன்னு நர்ஸம்மா சொன்னாங்கல்ல? அசையாம படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்." மிகச் சரியான முதலுதவி. நாலு பேர் என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். "சைக்கிளுக்குங்க, சைக்கிளுக்கு" என்று நான் சருகுக்குள் முனகியது யார் காதிலும் விழவில்லை. "ஜன்னி கண்டிருச்சு" என்றார் பெரியவர்.

நண்பன் மேலே ஏறி வந்து விளக்கம் சொல்லி என்னை மீட்க ஐந்து நிமிடம் ஆனது. டியூபைக் கழற்றி, அவர்கள் தண்ணீர்க் குடத்தருகே உட்கார்ந்து ஒட்டுப் போட்டோம். பெரியவர் டியூபை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு ஓட்டையையும் வெகுநேரம் பார்த்தார். "பல்லுப் பட்டாப்பலதான் இருக்கு" என்றார். அவருக்குச் சந்தேகம் முழுசாகத் தீரவில்லை.

அரை மணி நேரம் கழித்து, 35 பிஎஸ்ஐ காற்றோடு, கீழே டீக்கடைக்கு வந்து சேர்ந்தோம். மாஸ்டர் பெஞ்சைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் இருந்த நிலைமையில் உட்காருவது நடக்கிற காரியமில்லை. "பரவால்லைங்கண்ணா, நின்னுட்டே குடிக்கறேன்."

மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எஸ்டேட்ல பாம்பு கடிச்சது உங்களையாண்ணா?"